உடனே அழிப்பதா, சேர்த்து வைத்து அழிப்பதா?

மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும் வரை பொழுதுபோக்க பிளாக் பிளாஸ்ட் என்ற மொபைல் கேம் நல்ல துணை. 8க்கு 8 கட்டம், ஒரு தடவைக்கு மூன்று துண்டுகள், துண்டைச் சுழற்றி வைக்க முடியாது. டெட்ரிஸ் மாதிரி மேலிருந்து விழும் அவசரமும் இல்லை. அப்படியும் கஷ்டமான லெவலில் மாட்டிக்கொள்கிறோம்.

கிடைக்கிற வரிசையை உடனுக்குடன் நிரப்பி அழிப்பது ஒரு வழி. பலகை காலியாகவே இருக்கும், புள்ளிதான் மெதுவாக ஏறும். இரண்டு மூன்று வரிசைகளைக் கொஞ்சம் குறைவாக நிறுத்தி, ஒரே துண்டில் மொத்தமாக அழிப்பது இன்னொன்று. புள்ளி மளமளவென்று ஏறும். ஆனால் நடுவில் 3க்கு 3 சதுரம் வந்தால் கதை கந்தல்! 9 கட்டம் காலியாக இருந்தால் போதாது, அவை ஒரே இடத்தில் சதுரமாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்த்து வைப்பவர்களின் ஆட்டம் பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது, அங்கங்கே ஒற்றை ஓட்டைகள் விழுந்துவிடுவதால்.

அப்புறம், மூன்று துண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு எதை முதலில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள். பெரியதை முதலில் வைப்பது எப்போதும் சரியில்லை. சின்னதை வைத்து ஒரு வரிசை போனால், பெரியதற்கு இடம் தானாகக் கிடைக்கும்.

வைரம் சேர்க்கும் லெவலில் சேர்த்து வைப்பது வீண். புள்ளி இலக்கு பெரிதாக இருந்தால் மட்டும் இரண்டாவது வழி, அதுவும் பாதிப் பலகை நிரம்பும் வரைதான். மற்றபடி என் ஓட்டு முதல் வழிக்கே.