நான்கு வருடம் பழைய ஜியான், இரண்டரை வருடம் ஐ5: எந்த வேலைக்கு எது

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, செகண்ட் ஹேண்டில் 14 கோர் ஜியான் இவ்வளவு மலிவாகக் கிடைக்குதே, அதே காசைக் கொட்டி 6 கோர் ஐ5 எதுக்கு வாங்கணும்?" கோர் என்பது பிராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. இந்த இரண்டு வகை பிராசசரும் என் மேசைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சர்வர்களுக்காக இன்டெல் செய்த ஜியான் இ5-2680 வி4, 2021 நவம்பரில் வாங்கியது. இன்னொன்று சாதாரண டெஸ்க்டாப்புக்கான இன்டெல் ஐ5-12400, 2023 நடுவில் வந்தது. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற கதை இல்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். மதுரையில் சின்ன ஸ்டுடியோ. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடிட்டிங், மற்ற மாதங்களில் ட்ரோன் சர்வே. லேஅவுட், கல்குவாரி, கண்மாய் மாதிரி இடங்களை ட்ரோனில் படம் பிடித்து, அவற்றைக் கோத்து வரைபடமாக்கும் ஓபன் ட்ரோன் மேப் மென்பொருளில் ஏற்றி, ஆர்த்தோ படமும் (நேர் மேலிருந்து பார்ப்பது போன்ற, அளக்கக்கூடிய படம்) உயர அளவுகளும் எடுத்து சிவில் இன்ஜினியர்களுக்குக் கொடுப்பது.

இந்த சர்வே வேலைதான் என்னை ஜியான் பக்கம் தள்ளியது. அப்போது இருந்தது 16 ஜிபி ரேம் போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப். 200 படம் வரை சமாளித்தது. முதல் பெரிய வேலை 900 படம். ராத்திரி ஓட விட்டுத் தூங்கிவிட்டு காலையில் வந்து பார்த்தால் 137 என்ற எண்ணோடு நின்றிருந்தது. மறுபடி ஓட விட்டேன், மறுபடி அதே 137. இந்த வேலை செய்கிறவர்களுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும்: பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் இயங்குதளமான லினக்ஸே அந்த வேலையைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். அந்த மென்பொருளின் ஆவணத்திலேயே தோராயக் கணக்கு போட்டிருக்கிறார்கள், 500 படத்துக்கு 32 ஜிபி, 1500க்கு 64, 2500க்கு 128 என்று. பிராசசர் மெதுவாக இருந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். மெமரி போதவில்லை என்றால் வேலையே முடியாது. இந்த வித்தியாசம் அந்த இரண்டு ராத்திரியில்தான் எனக்கு உறைத்தது.

சரி, 128 ஜிபி வேண்டும். அன்றைக்குப் புதிய டெஸ்க்டாப் ரேமில் அந்த அளவுக்கு விலை கேட்டபோது என் பட்ஜெட்டில் பாதி அதற்கே போயிருக்கும். சர்வர்களில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் சர்வர் ரேம்) அதில் ஒரு பகுதி விலைக்குக் கிடைத்தது. டேட்டா சென்டர்கள் நான்கைந்து வருடத்தில் மொத்தமாக மாற்றும்போது வெளியே வருகிற சரக்கு அது, டெஸ்க்டாப் போர்டில் வேலை செய்யாது, அதனால் வாங்க ஆளும் குறைவு. அந்த ரேமைப் போட ஒரு வழி வேண்டும் என்றுதான் ஜியான் வாங்கினேன், 14 கோருக்காக இல்லை. 2016இல் வந்தபோது 1,745 டாலர் பட்டியல் விலை போட்டிருந்த சிப், என் கைக்கு வரும்போது அதில் பத்தில் ஒரு பங்கு. கூடவே பெயர் அதிகம் தெரியாத ஒரு எக்ஸ்99 வகை மதர்போர்டு.

முதல் மாதம் ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். இந்த சிப் நான்கு மெமரி சேனல் கொண்டது, அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே நான்கு பாதை. 32 ஜிபி குச்சி இரண்டு மட்டும் போட்டு ஆரம்பித்தேன், மீதியை அப்புறம் வாங்கலாம் என்று. இரண்டு சேனல் சும்மா கிடந்தது. நான்கையும் நிரப்பினால்தான் டிடிஆர்4-2400 வேகத்தில் நொடிக்கு 76.8 ஜிபி என்கிற அதன் முழு அகலம் கிடைக்கும். நான்கு 32 போட்டு 128 ஆக்கிய பிறகு, 900 படம், 1400 படம், ஒரு முறை 2100 படம் எல்லாம் ராத்திரி போட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒழுங்காக முடிந்து நின்றது. 137 அதன் பிறகு வரவே இல்லை. அந்த நிம்மதிக்கு விலையே கிடையாது, ஏனென்றால் காலையில் இன்ஜினியர் போன் செய்யும்போது "முடிஞ்சிருச்சு சார்" என்று சொல்ல முடிந்தது.

பிரச்சினை கல்யாண சீசனில் தொடங்கியது. இப்போதைய கேமராக்களில் எங்கள் ஆட்கள் எடுப்பது எச்.265 என்ற முறையில் சுருக்கிய, நிற விவரம் அதிகம் உள்ள 10 பிட், 4:2:2 வீடியோ. கலர் கரெக்‌ஷனுக்கு அருமையான ஃபுட்டேஜ், ஆனால் டிகோட் செய்வது, அதாவது சுருக்கியதைப் பிரித்துப் படமாக்குவது, பெரிய சுமை. ஜியானில் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து டைம்லைனில் கர்சரை இழுத்தால், படம் கையோடு வராது, ஒரு நொடி கழித்து எங்கோ போய் நிற்கும். கிராஃபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். என்விடியாவின் 50 வரிசை வரும் வரை அந்தக் கார்டுகளின் டிகோடர் 4:2:2 வகையைத் தொடாது, எல்லாச் சுமையும் பிராசசர் தலையில்தான். அந்த பிராசசரோ ஒற்றைக் கோரில் எவ்வளவு முயன்றாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ், எல்லாக் கோரும் ஓடும்போது 2.9. ஒரு சீசன் முழுவதும் பிராக்ஸி கோப்புகள், அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் தரம் குறைத்த நகல்கள், செய்து ஒப்பேற்றினோம். பிராக்ஸி செய்யவே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அரை நாள் போனது.

ஐ5-12400 வாங்கியது இந்த ஒரு காரணத்துக்காக. அதில் உள்ளேயே யுஹெச்டி 730 கிராஃபிக்ஸ் இருக்கிறது, அதில் வீடியோவுக்கென்றே இருக்கும் குவிக் சிங்க் பகுதி இந்த 10 பிட் 4:2:2 எச்.265ஐ ஹார்டுவேரிலேயே பிரித்துக் கொடுத்துவிடும். பெயரின் கடைசியில் எஃப் போட்ட 12400எஃப் சில ஆயிரம் குறைவு என்று கடைக்காரர் நீட்டுவார், வாங்கிவிடாதீர்கள், எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, நமக்கு வேண்டியதே அதுதான். முதல் நாள் அதே கல்யாண ஃபுட்டேஜைப் போட்டு இழுத்துப் பார்த்தேன், கர்சர் போகும் இடத்துக்கெல்லாம் படம் கூடவே வந்தது. எங்கள் எடிட்டர் தம்பி அன்றைக்கே பிராக்ஸி போல்டர் முழுவதையும் அழித்துவிட்டான்.

அப்புறம் ஒரு ஆசைக்கு, 620 படம் கொண்ட ஒரே சர்வேயை ஒரே அமைப்புகளோடு இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். ஜியான் 5 மணி 10 நிமிடம். ஐ5 4 மணி 35 நிமிடம். 14 கோரை 6 கோர் முந்தியது பலருக்கு நம்ப முடியாத விஷயம், ஆனால் காரணம் எளிது. படங்களில் புள்ளிகளைத் தேடும் கட்டத்தில் கோருக்கு இரண்டு வீதம் 28 திரெட்டும் முழுதாக உழைக்கின்றன, அங்கே ஜியான் முன்னால் இருந்தது. அடுத்து, படங்களை ஒன்றோடொன்று கோத்து ட்ரோன் எங்கே நின்றது என்று கணக்கிடும் கட்டம் பெரும்பாலும் ஒரே கோரில் நடக்கிறது. அங்கே 13 கோர் வேடிக்கை பார்க்கிறது, ஐ5இன் 4.4 கிகாஹெர்ட்ஸ் கோர், அதுவும் ஆறு வருடம் புதிய வடிவமைப்பு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. எல்லா வேலையிலும் இப்படி ஒரு ஒற்றையடிப் பாதை எங்காவது இருக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஒரு கோர் மட்டும் 100இல் நிற்கிறதா, எல்லாம் நிற்கிறதா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்த விமர்சன வீடியோவும் இதைச் சொல்லித் தராது.

ஆனால் 1400 பட வேலையை 64 ஜிபி போட்ட ஐ5இல் போட்டபோது, ரேம் போதாமல் டிஸ்கையே மெமரியாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் இறங்கி, 30 மணி நேரம் கழித்தும் முடியாமல் நானே நிறுத்தினேன். ஜியானில் அது 14 மணி நேர வேலை.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். 2024 தொடக்கத்தில் ஐ5இல் இருந்து பேக்கப் டிஸ்குக்கு காப்பி செய்த கோப்புகளை, மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண் போட்டுப் பார்த்தபோது, ஒரு கோப்பு பொருந்தவில்லை. மறுபடி காப்பி செய்தால் அது சரி, வேறொன்று தவறு. டிஸ்க் மாற்றினேன், கேபிள் மாற்றினேன். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ராத்திரி முழுக்க ஓட்டியதில் ஒரு ரேம் குச்சி ஒரு இடத்தில் கெட்டிருப்பது தெரிந்தது. கெட்ட குச்சியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அது பிரச்சினையே இல்லை. அதற்கு முந்தைய இரண்டு மாத பேக்கப்பில் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை. எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்து கிளிப்பில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். கேமரா கார்டு அதற்குள் அழித்து அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இரண்டாவது கேமராவின் கோணம் இருந்ததால் பிழைத்தோம். இல்லாமல் போயிருந்தால் அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் யோசிப்பேன்.

அதே வருடம் ஜியானிலும் ஒரு குச்சி கெட்டது. ஆனால் அங்கே நடந்தது வேறு. லினக்ஸில் ராஸ்டீமன் என்ற சேவையை ஓட விட்டிருந்தேன், அது மெமரிப் பிழைகளைப் பதிவு செய்யும். ஒரு நாள் திருத்தப்பட்ட பிழை 2 என்று காட்டியது, அடுத்த வாரம் 40. எந்தக் குச்சி என்பதையும் சேர்த்தே காட்டியது. இசிசி மெமரி ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்துக்கொள்கிறது, ஒரு பிட் தவறினால் அந்த இடத்திலேயே திருத்திவிடும், இரண்டு பிட் தவறினால் திருத்த முடியாவிட்டாலும் தவறு என்று கத்திவிடும். குச்சியைக் கழற்றி வேறு போட அரை மணி நேரம் ஆனது. ஒரு வேலையும் கெடவில்லை.

இந்தப் பாதுகாப்பை சாதாரண ஆட்களுக்கும் கொடுக்காமல் சர்வர் என்று பெயர் போட்ட பெட்டிக்குள் பூட்டி வைத்தது பெரிய அநியாயம் என்பது என் கருத்து. 2021 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்காக இன்டெல்லை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார், அவர் சொன்னதில் முழு நியாயம் உண்டு. 12ஆம் தலைமுறையில் சில டெஸ்க்டாப் சிப்களுக்கு இசிசி வந்துவிட்டது, ஆனால் டபிள்யூ680 சிப்செட் போர்டு வேண்டும், அது கடையில் கிடைப்பதே அபூர்வம். ஏஎம்டி ரைசனில் போர்டு ஆதரித்தால் பல சிப்கள் இசிசி எடுத்துக்கொள்ளும், ஆனால் சர்வரில் இருந்து வரும் ரெஜிஸ்டர்டு ரேம் போகாது, பஃபர் இல்லாத இசிசி ரேம்தான் போகும். இன்னொன்று, டிடிஆர்5இல் இசிசி தானாகவே இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள். அது சிப்புக்கு உள்ளே நடக்கும் திருத்தம் மட்டும். மெமரியில் இருந்து பிராசசர் வரும் வழியில் நடக்கும் பிழையை அது காக்காது, உங்களுக்கு எந்த அறிக்கையும் தராது. இரண்டும் ஒன்றில்லை.

ஜியானின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போது சுவரில் அளந்தால் ஜியான் பெட்டி 85 வாட், ஐ5 பெட்டி 38. வித்தியாசம் 47 வாட், 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 68 யூனிட், அதுவும் மேல் ஸ்லாபில் போய் உட்காரும் யூனிட்கள். அதனால் வேலை இல்லாதபோது ஜியானை அணைத்து வைக்கிறேன். ஸ்லீப் அந்த எக்ஸ்99 போர்டில் வேலை செய்யவில்லை, போட்டால் எழுந்திருக்காது. ஆன் செய்தால் மெமரியைச் சரிபார்த்து திரையில் எழுத்து வரவே ஒரு நிமிடத்துக்கு மேல். மே மாத மதுரையில் அந்த அறையில் ஏசி இல்லாமல் உட்கார முடியாது. சின்ன யுபிஎஸ் முழுச் சுமையில் தாங்கவில்லை, பெரியது வாங்க வேண்டியிருந்தது.

2024 கடைசியில் போர்டு செத்தது. பிராசசரும் ரேமும் தப்பின. இந்த மலிவு எக்ஸ்99 போர்டுகளில் பலவற்றில் சிப்செட்டே பழைய போர்டுகளில் இருந்து கழற்றிப் போட்டதுதான், வாரண்டி என்று நம்ப எதுவும் கிடையாது. பத்து நாள் வேலை நின்றது. இந்தக் கூட்டணி வாங்குகிறவர்கள் முடிந்தால் பெயருள்ள நிறுவனத்தின் பழைய வொர்க்ஸ்டேஷனை முழுப் பெட்டியாக வாங்குங்கள், அதுதான் நான் இப்போது வைத்திருப்பது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, இந்தத் தலைமுறை ஜியான்கள் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. எனக்கு லினக்ஸ் என்பதால் பாதிப்பில்லை.

புதிதாகவே வாங்க முடிந்தவர்களுக்கு இப்போது கோடு மங்கிவிட்டது. 2024 மே மாதம் வந்த ஏஎம்டி எபிக் 4004 வரிசை, ரைசன் 7000இன் அதே ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும், 4 முதல் 16 கோர் வரை, இசிசி அதிகாரப்பூர்வமாகவே உண்டு, 192 ஜிபி வரை ரேம். டெஸ்க்டாப்பின் வேகமும் சர்வரின் மெமரிப் பாதுகாப்பும் ஒரே பெட்டியில். ஆனால் 2025 கடைசியில் மெமரி விலை ஏறிய ஏற்றத்தில் 128 ஜிபி இசிசி டிடிஆர்5 கணக்குப் போட்டுப் பார்த்து பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

என்னிடம் கேட்கும் தம்பிகளுக்கு முதலில் நான் திருப்பிக் கேட்பது, "மெமரி எவ்வளவு வேணும்?" என்பதுதான். 64க்குள் என்றால், எடிட்டிங்கோ கேமோ கோடிங்கோ, கண்ணை மூடிக்கொண்டு டெஸ்க்டாப் பிராசசர் வாங்கச் சொல்கிறேன், கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஜியானுக்குப் போக வேண்டாம். 128ஓ அதற்கு மேலோ, ராத்திரி முழுக்க ஓடும் வேலை, பாதியில் தவறினால் யாரும் கண்டுபிடிக்க முடியாத வேலை என்றால் மட்டும் சர்வர் பக்கம் வாருங்கள்.

என் பேக்கப் எல்லாம் இப்போது ஜியான் பெட்டிக்கு மாறிவிட்டது. கார்டுகளுக்கான தரவுப் பாதைகள், அதாவது பிசிஐஇ லேன், 40 இருப்பதால் டிஸ்க் கார்டும் 10ஜி நெட்வொர்க் கார்டும் தாராளமாக உட்கார்ந்தன. எடிட்டிங் ஐ5இல் நடக்கிறது, முடிந்ததும் கோப்புகள் ராத்திரி ஒரு மணிக்கு ஜியானுக்குப் போகின்றன, காலையில் செக்சம் அறிக்கை பார்த்த பிறகுதான் கேமரா கார்டை அழிக்கத் தம்பிக்கு அனுமதி.