நொறுங்கிய பைக்குக்கு இன்சூரன்ஸ் பணம்: வண்டியைக் கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா?

விபத்தில் பைக் நொறுங்கிவிட்டால் இன்சூரன்ஸ் கணக்கு மூன்று விதமாக முடியலாம். வண்டியைப் பழுதுபார்த்துத் தருவது ஒன்று. முழு நட்டம் என்று எழுதி, உடைந்த வண்டிக்கு ஒரு விலை போட்டு, அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது இன்னொன்று. இதில் வண்டியும் அதன் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யும் நம்மிடமே இருக்கும். மூன்றாவது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை ரத்து செய்து கொடுத்தால், நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தருவது. போன வருடம் என் வண்டிக்கு நான் எடுத்தது இந்த மூன்றாவது வழி. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

அடிப்படை விதி சுருக்கமானது. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும்; வண்டிக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட மதிப்பு அது. பழுதுபார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நட்டம். அப்போது நமக்குச் சேர வேண்டியது ஐ.டி.வி.தான். "இன்றைக்கு மார்க்கெட்டில் இந்த வண்டி இவ்வளவு போகாதே" என்று யாராவது பேரம் பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பாலிசி கொடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்பைப் பிறகு இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது என்று தர்மேந்திர கோயல் வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி.யை நாமும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்கிறோம். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க அதைக் குறைத்துப் போட்டிருந்தால் அடி இங்கேதான் விழும்.

பழுதுபார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.வி. 80,000 ரூபாய், மூன்றாவது வருடத்தில் ஓடும் வண்டி, எஸ்டிமேட் 58,000 என்று வையுங்கள். 75 சதவீதம் என்றால் 60,000. எஸ்டிமேட் அதற்குக் கீழே நிற்பதால் பழுதுபார்க்கத்தான் சொல்வார்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இரும்புப் பாகங்களுக்கு இந்த வயதில் 15 சதவீதம் கழியும். பிளாஸ்டிக் வகையறா 20,000, இரும்பு 30,000, கூலி 8,000 என்றால் கைக்கு வருவது 10,000, 25,500, 8,000, ஆக 43,500. கட்டாயப் பிடித்தம் 100 போக மீதி 14,600 நம் பையிலிருந்து. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ‘ஜீரோ டெப்’ கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் இந்த வெட்டு பெரும்பாலும் இருக்காது. என் பாலிசியில் அது இல்லாததால் அனுபவத்திலிருந்து அதைப் பற்றிப் பேச முடியவில்லை.

பணத்தை விட எனக்குக் கவலையாக இருந்தது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். என் வண்டியின் முதல் எஸ்டிமேட் வெளியே நின்று பார்த்து எழுதியது. சேஸிஸை மாற்ற வேண்டும் என்று அதில் இல்லை, நிமிர்த்தினால் போதும் என்று இருந்தது. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதி வளைந்த வண்டியை நிமிர்த்தி ஓட்டுவதை நான் எந்த விலைக்கும் ஏற்க மாட்டேன்; வேகத்தில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உயிர்தான் போகும். கழற்றிப் பார்த்து எஸ்டிமேட் போடுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் மறுபடி வந்தார். சேஸிஸ் புதிதாகப் போட வேண்டும் என்றானதும் தொகை 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. வண்டியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 80,000 ஐ.டி.வி., உடைந்த வண்டிக்கு 22,000 விலை என்றால், நிறுவனம் கிட்டத்தட்ட 58,000 தரும். பழைய வண்டி வாங்குபவர் 22,000 தருவார். ஆனால் அந்த விலையைக் கவனியுங்கள். ஆர்.சி.யோடு ஒரு விலை, ஆர்.சி. இல்லாமல் ஒரு விலை என்று இரண்டு சொல்வார்கள். ஆர்.சி.யோடு 22,000 என்றால், இல்லாமல் அதில் பாதிகூட இருக்காது. இன்ஜினும் சக்கரமும் அதே இன்ஜின், அதே சக்கரம். அந்தக் கூடுதல் பணம் முழுவதும் உயிரோடு இருக்கும் ஒரு பதிவு எண்ணுக்காக. அந்த எண் நம் பெயரில் இருக்கிறது.

அந்த எண்ணோடு வண்டி மறுபடி ரோட்டுக்கு வரலாம். வேறொரு வண்டியிலும் அந்த எண் ஏறலாம். பெயர் மாற்றாமல் ஓட்டி யார் மீதாவது மோதினால் நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடு கொடுக்க வேண்டியவரும் அவரே. சில ஆயிரத்துக்காக அந்தப் பொறுப்பைச் சுமக்க எனக்கு மனம் வரவில்லை. உபயோகத்துக்கு லாயக்கில்லாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவும் சொல்கிறது.

மூன்றாவது வழியில் அலைச்சல் உண்டு, மறைக்கவில்லை. அபராதம் பாக்கி இருந்தால் கட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், அதுவரை பணம் வராது. கடனில் எடுத்த வண்டி என்றால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். என் வண்டிக்குக் கடன் இல்லாததால் அந்தப் பக்கம் எப்படி இழுபடும் என்று நான் பார்த்ததில்லை.

வண்டியை வைத்துக்கொள்வது நியாயமாகப் படுவது ஒரே இடத்தில்தான். ஆர்.எக்ஸ். 100 போல, ஐ.டி.வி.யை விட வெளியில் பல மடங்கு விலை போகும் பழைய வண்டி, அதை நீங்களே கட்டி நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் சரி. முழு நட்டத்தோடு பழைய பாலிசி முடிந்துவிடும் என்பதால் புதிதாக எடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. தொகை சரியில்லை என்றால் முழுத் திருப்தி என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஆர்.சி. ரத்தானதும் அந்த உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அதே நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு இன்னொரு முறை போய் மாற்ற வைத்துவிட்டு வாருங்கள்.