பன்னிரண்டு தந்தி கிடார்: பிக்கா, நகமா?

ஆறு தந்தி கிடாரை மீட்ட நகமே போதும், விரல் நுனியில் மாட்டும் பிக் வேண்டாம் என்று சொல்லித் திரிந்தவன் நான். பன்னிரண்டு தந்தி அந்தக் கர்வத்தை இரண்டே வாரத்தில் இறக்கிவிட்டது.

மொத்தம் ஆறு ஜோடி. கனத்த சுரம் பேசும் நான்கு ஜோடிகளில் பருத்த தந்தியோடு, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தியும் ஒட்டி நிற்கும். வழக்கமாகக் கட்டும் முறையில் மெல்லியது பெருவிரல் பக்கம். அதனால் மற்ற விரல்கள் மேல்நோக்கி இழுக்கும்போது பருத்ததை மட்டும் தொட்டுவிட்டு வந்துவிடும். நகத்தோடு கொஞ்சம் சதையும் பட்டால் இரண்டும் பிடிபட்டது விரலுக்கே தெரியும். உலோகப் பிக்கில் அந்த உணர்வு கிடையாது. ஆனால் சத்தம் கணீர். வீணைக்காரர்கள் விரலில் கம்பி மாட்டுவதும் இதற்குத்தானே?

நகத்துக்கு எதிரி ஸ்டீல் தந்தி, அப்புறம் பரோட்டா சால்னா. வலக்கை நகத்தடியில் மஞ்சள் இரண்டு நாள் போகாது. வெள்ளிக்கிழமை நகத்தை அராவினால் அம்மாவிடம் திட்டு வேறு. பிக்குக்கு எதிரி மதுரை வெயில். சித்திரையில் வேர்வைக்கு வழுக்கி கிடார் ஓட்டைக்குள்ளேயே விழுந்து, கவிழ்த்து உலுக்கி எடுத்திருக்கிறேன்.

அமெரிக்க கிடார் கலைஞர் லியோ காட்கி பன்னிரண்டு தந்தியைப் பிக்கில் வாசித்துப் பேரெடுத்தவர். தசைநாண் கோளாறால் வெறும் விரலுக்கு மாறினார். மணிக்கட்டு வலிப்பவர்கள் அதைக் கவனிக்கலாம்.

மண்டப இரைச்சலுக்குப் பிக், மொட்டை மாடிக்கு நகம். இப்போதைக்குப் பெருவிரலில் மட்டும் பிளாஸ்டிக் பிக் மாட்டி ஓட்டுகிறேன்.