ஸ்பெயின்ல பழைய ஃப்ளாட் வாங்கறவங்க கவனத்துக்கு: "மாசம் 65 யூரோ தாங்க"ன்னு சொன்னா நம்பிடாதீங்க

அலிகாந்தேல வீடு பாத்துட்டு இருக்கறவங்க, முக்கியமா எழுபதுகள்ல கட்டின பில்டிங்ல மொட்டைமாடியோட மேல்மாடி வீடு சல்லிசா வருதேன்னு பாத்துட்டு இருக்கறவங்க, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடுங்க. ஏஜென்ட் பேரு போடல, போட்டா அவன் என் மேலயே கேஸ் போடுவான்.

நான் வாங்கின வீட்டு விளம்பரத்துல கொமுனிதாத் செலவு மாசம் 65 யூரோன்னு போட்டிருந்தான். கொமுனிதாத்னா அந்த பில்டிங்ல வீடு வெச்சிருக்கற எல்லாரும் சேர்ந்த சங்கம். சேரலாமா வேணாமான்னு சாய்ஸ்லாம் கிடையாது, பத்திரத்துல கையெழுத்து போட்ட நிமிஷமே நீங்க உறுப்பினர், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, க்ளீனிங், இன்சூரன்ஸ், கூரை எல்லாத்துக்கும் உங்க பங்கு கட்டியே ஆகணும். 1960ல வந்த 49/1960 சட்டம் தான் இதுக்கெல்லாம் அடிப்படை, நடுவுல நிறைய தடவை திருத்தியிருக்காங்க.

நான் கேட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு, ஏஜென்ட் கிட்ட நேராவே கேட்டேன், "65 தவிர வேற ஏதாச்சும் வருமா"ன்னு. "இல்லவே இல்ல, ரொம்ப அமைதியான பில்டிங், எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை"ன்னான். வித்தவரு பக்கத்துலயே நின்னு தலையாட்டினாரு. பெட்ரூம் சீலிங் மட்டும் பளிச்சுனு புது பெயின்ட் வாசனையோட இருந்துச்சு, விக்கறதுக்காக அடிச்சிருக்கோம்னாங்க.

நொத்தாரியோ, அதாவது நோட்டரி ஆபீஸ்ல பத்திரம் போடறப்ப கொமுனிதாத் சர்டிஃபிகேட்டும் ஒழுங்கா வந்துச்சு. இது என்னன்னா, வித்தவரு பாக்கி வெச்சிருக்காரா இல்லையான்னு சங்கத்து செகரட்டரி எழுதி, பிரெசிதெந்தே, அதாவது சங்கத் தலைவர், கையெழுத்து போட்டு குடுக்கற காகிதம், கேட்ட ஏழு நாளுக்குள்ள குடுக்கணும். வாங்கறவர் எனக்கு வேணாம்னு சொன்னா ஒழிய இது இல்லாம பத்திரம் போட மாட்டாங்க. (சில ஏஜென்ட் "ஆகஸ்ட் மாசம், அத்மினிஸ்த்ராதோர் லீவுல போயிட்டாரு, வேணாம்னு எழுதிடலாமே"ம்பான், அத்மினிஸ்த்ராதோர்னா சங்கத்து நிர்வாகத்தை பாக்கறவர், அதுக்கு ஒத்துக்காதீங்க, ஏன்னா வித்தவரோட அந்த வருஷத்து பாக்கியும் அதுக்கு முந்தின மூணு வருஷத்து பாக்கியும் வீட்டு மேல ஏறி உங்க தலைல தான் விழும். கத்தலோனியால தனி சட்டம், அங்க முந்தின நாலு வருஷம்.) எனக்கு வந்த காகிதத்துல பாக்கி ஒண்ணும் இல்லன்னு சுத்தமா இருந்துச்சு, செப்டம்பர் கடைசில சாவி வாங்கிட்டோம்.

அக்டோபர் முடியறப்ப பேங்க்ல இருந்து 431 யூரோ 33 சென்ட் போயிடுச்சு. ஏதோ தப்பா எடுத்துட்டாங்கன்னு அத்மினிஸ்த்ராதோருக்கு போன் போட்டா அந்தம்மா ரொம்ப சாதாரணமா "65 மாசக் கட்டணம், மீதி டெர்ராமா"ன்னாங்க. டெர்ராமான்னா வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளிய பெரிய வேலை வந்தா எல்லார்கிட்டயும் பிரிக்கற தனி வசூல். எந்த வேலை, எப்ப முடிவு பண்ணீங்கன்னு கேட்டேன், மெயில்ல ஆக்தா அனுப்பி வெச்சாங்க, அதாவது சங்கக் கூட்டத்து மினிட்ஸ்.

அதை படிச்சப்ப தான் ரத்தம் கொதிச்சுது. கூட்டம் நடந்தது மார்ச்ல. நாலாவது ஐட்டம்: கூரைக்கு புதுசா வாட்டர்ப்ரூஃப் போடறது, முன்பக்க சுவர் ரிப்பேர், மொத்தம் 84,000 யூரோ, 18 தவணை, முதல் தவணை அக்டோபர். அதுக்கு கீழ ஓட்டு போட்டவங்க லிஸ்ட், அதுல எனக்கு வித்த ஆளு பேரும் இருக்கு, ஆதரவா! அது மட்டுமில்ல, வேலையை தள்ளிப்போடக்கூடாது, தன் பெட்ரூம்ல தண்ணி ஒழுகுதுன்னு அழுத்தி சொன்னதே அவரு தானாம், தவணையை கோடை முடிஞ்சு ஆரம்பிக்கலாம்னு கேட்டதும் அவரே. அப்புறம் ஏன் பெயின்ட் வாசனை வராது.

சர்டிஃபிகேட் பொய்யான்னா, இல்ல, அதுதான் இதுல இருக்கற ஓட்டை. அது கெடு தாண்டின பாக்கியை மட்டும் தான் சொல்லும். அக்டோபர்ல கட்ட வேண்டியது செப்டம்பர்ல பாக்கி ஆகாது, அதனால அவரு கணக்கு சுத்தம். சட்டத்து 17ஆவது பிரிவுல மேம்பாட்டு வேலை டெர்ராமா பத்தி தெளிவாவே இருக்கு, தொகை கட்ட வேண்டிய தேதில யார் ஓனரோ அவங்க தலைல, யார் ஓட்டு போட்டாங்கன்றது கணக்கே இல்ல. கூரை ரிப்பேர் மாதிரி வேலைக்கும் சங்கம் அதே மாதிரி தான் வசூல் பண்ணுது, தவணை விழற அன்னிக்கு ரெஜிஸ்தர்ல யார் பேரு இருக்கோ அந்த அக்கவுன்ட்டுக்கு தான் பில் போகும்.

இது ஒரு அடின்னா அடுத்த அடி பங்கு போட்ட விதம். மொத்தம் 20 வீடு, மாசம் ஆளுக்கு 65 சமமா தான் கட்டிட்டு வர்றாங்க, வருஷத்துக்கு 15,600. அப்ப 84,000ஐயும் 20ஆல வகுத்தா 4,200 தானே வரணும்? எனக்கு போட்டது 6,594. ஏன்னா கூட்டத்துல இந்த வேலையை கோயெஃபிசியெந்தே படி பிரிக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க. சட்டப்படி அதுதான் பொதுவான விதி, சமமா கட்டறது அந்த பில்டிங்ல மாசக் கட்டணத்துக்கு மட்டும் இருந்த ஏற்பாடு.

கோயெஃபிசியெந்தேன்னா மொத்த பில்டிங்ல உங்க வீட்டோட சதவீதம். பில்டிங் கட்டின ப்ரமோட்டர் முதல் பத்திரம் எழுதறப்பவே வீடு வீடா ஃபிக்ஸ் பண்ணிடுவான், இப்ப இருக்கற சங்கம் போடறது இல்ல. வீட்டோட பயன்படற பரப்பளவு, உள்பக்கமா வெளிப்பக்கமா, எந்த மாடி, பொது வசதியை எவ்வளவு பயன்படுத்துவாங்க, இதெல்லாம் பாத்து போடணும்னு சட்டம் சொல்லுது. என் வீட்டுக்கு 7.85 சதவீதம். ரெண்டாவது மாடில எனக்கு பக்கத்து சைஸ் ஃப்ளாட்டுக்கு 4.60 தான், எழுபதுகள்ல எவனோ மொட்டைமாடியையும் சேத்து கணக்கு போட்டிருக்கான் போல. வீட்டை இடிச்சு புதுசாக்கினாலும், பாழாப் போனாலும் அந்த நம்பர் மாறாது, மாத்தணும்னா எல்லா ஓனரும் ஒத்துக்கணும், ஒருத்தர் கூட எதிர்க்கக்கூடாது. என் சதவீதம் குறைஞ்சா மத்தவங்களுக்கு ஏறும், எவன் சம்மதிப்பான். 84,000ல 7.85 சதவீதம், 18ஆல வகுத்தா மாசம் 366.33, அந்தம்மா கணக்குல தப்பே இல்ல.

கீழ இருக்கற கடைக்காரருக்கு லிஃப்ட் செலவு கிடையாதாம், எஸ்தாத்துத்தோஸ்னு சங்க விதில அப்பவே எழுதி வெச்சிருக்காங்க, அப்ப அவர் பங்கும் மத்த எல்லாருக்கும் பிரியுது. விதில எழுதலன்னா லிஃப்ட்ல ஏறவே ஏறாத தரைத்தளத்து ஆளும் கட்டணும், இதுவும் நிறைய பேருக்கு தெரியாது.

சரி கட்ட மாட்டேன்னு உக்காரலாமான்னா அதுவும் முடியாது. பாக்கி வெச்சா கூட்டத்துல ஓட்டு கிடையாது, அடுத்த கூட்டத்து நோட்டீஸ்லயே பாக்கிக்காரங்க லிஸ்ட் போடுவாங்க, எங்க பில்டிங் நுழைவாசல் கண்ணாடிக்கு பின்னாடி இப்பவும் ஒரு வீட்டு நம்பர் தொங்குது. அப்புறம் மொனித்தோரியோன்னு வேகமான கோர்ட் வழி இருக்கு. கூட்டத்து முடிவை எதிர்க்க மூணு மாசம், சட்டத்துக்கோ சங்க விதிக்கோ முரணா இருந்தா ஒரு வருஷம், ஆனா பொதுவா அதுக்கும் முதல்ல கட்டிட்டு தான் போகணும், இங்க முடிவுலயும் குத்தம் இல்ல. என் சண்டை வித்தவரோட, அந்த ஏஜென்டோட.

ஏஜென்ட் கிட்ட போனா "அது உங்களுக்கும் கொமுனிதாதுக்கும் உள்ள விஷயம்"னு ஒரே வரில முடிச்சிட்டான். மார்ச் ஆக்தாவை மொபைல்ல காட்டினேன், எனக்கு தெரியாதுன்னான், அதே பில்டிங்ல இன்னொரு வீட்டையும் அவனே தான் வித்துட்டு இருக்கான், அந்த விளம்பரத்துலயும் இதே 65 தான். வித்தவரு போனை எடுக்கறதில்ல. வக்கீல் வெச்சு புரோஃபேக்ஸ் அனுப்பியிருக்கோம், இங்க தபால் ஆபீஸ் வழியா போற, உள்ளடக்கத்துக்கே சான்று இருக்கற கடிதம் அது, நாளைக்கு கோர்ட்ல நிக்கும்.

வக்கீல் சொன்ன விஷயம் உங்களுக்கு உதவும். ஆர்ராஸ் போடறப்பவே, அதாவது அட்வான்ஸ் ஒப்பந்தத்துலயே, "பத்திரத் தேதிக்கு முன்னாடி கூட்டத்துல ஒத்துக்கிட்ட டெர்ராமா எல்லாம், தவணை பின்னாடி வந்தாலும், விக்கறவர் பொறுப்பு"ன்னு ஒரு வரி எழுத சொல்லுங்க. சங்கம் அப்பவும் உங்க கிட்ட தான் வசூலிக்கும், ஆனா ஆள் கிட்ட திருப்பி வாங்க உங்க கைல பேப்பர் இருக்கும். அதோட கடைசி ரெண்டு மூணு வருஷத்து ஆக்தாவையும் விக்கறவர் மூலமா கேளுங்க, தர மாட்டேன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. ரெஜிஸ்திரோல, அதாவது சொத்துப் பதிவு ஆபீஸ்ல, நோத்தா சிம்ப்ளேன்னு வீட்டு விவரச் சுருக்கம் எடுத்தா பொதுவா உங்க சதவீதம் அதுலயே இருக்கும், பத்து யூரோ வாக்குல தான் ஆகும். ரிசர்வ் ஃபண்ட் எவ்வளவு இருக்குன்னும் கேளுங்க, சட்டம் கேக்கறதே கடைசி பட்ஜெட்ல 10 சதவீதம் தான், எங்க பில்டிங் கணக்குக்கு அது 1,560 யூரோ, அதை வெச்சு கூரைல ஒரு மூலை கூட பூச முடியாது. பில்டிங் 50 வருஷத்தை தாண்டியிருந்தா ஆய்வு ரிப்போர்ட்டையும் வாங்கி பாருங்க, அடுத்த டெர்ராமா எங்கேருந்து வரும்னு அதுலயே பாதி தெரிஞ்சுடும்.

வித்தவர் மேல இந்த மாதிரி கேஸ் போட்டு பணம் திரும்ப வாங்கினவங்க வலென்சியா பக்கம் யாராச்சும் இருந்தா எவ்வளவு மாசம் இழுத்துச்சு, வக்கீல் ஃபீஸ் போக கைல என்ன நின்னுச்சுன்னு சொல்லுங்க, புரோஃபேக்ஸ்க்கு பதில் வரலன்னா நாங்க அதைத்தான் முடிவு பண்ணணும்.