அளவீட்டு ஒப்பந்தமா, டர்ன்கீ ஒப்பந்தமா?

வளரும் நாடுகளில் பாலம், அணை, ரயில் பாதை போன்ற பெரும் பணிகளில் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே ஒப்பந்தத்தின் வகையை முடிவு செய்தாக வேண்டும். உரிமையாளர் தரப்பே ஆலோசகரைக் கொண்டு வடிவமைத்து, ஒப்பந்ததாரர் கட்டியதை அளந்து பணம் தரும் அளவீட்டு ஒப்பந்தம் ஒரு வழி. வடிவமைப்பு முதல் கட்டுமானம் வரை அனைத்தையும் ஒரே தொகைக்கு ஒருவரிடமே ஒப்படைக்கும் டர்ன்கீ மற்றொரு வழி. ஓர் ஆற்றுப் பாலத் திட்டத்தில் இவற்றுள் ஒன்றைப் பரிந்துரைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது அளவீட்டு ஒப்பந்தத்தையே தேர்ந்தேன். இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன்.

டர்ன்கீயில் செலவு முன்கூட்டியே தெரியும், பொறுப்பு ஒருவரிடமே இருக்கும், கடன் தரும் வங்கியும் அதையே விரும்பும். அளவீட்டு முறையில் கூடுதல் பணிக்கான பில்கள் வந்துகொண்டே இருக்கும். தணிக்கையில் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். இவற்றை நான் மறுக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது மண். நிலத்தைத் துளையிட்டு மண் அடுக்குகளைக் குறித்துவைத்த பழைய பதிவுகள் அரிதாகவே கிடைக்கும் இடங்களில், டெண்டர் அவசரத்தில் மண் ஆய்வும் சுருங்கிவிடும்போது, அடியில் என்ன இருக்கிறது என்பது தோண்டிய பிறகே தெரிகிறது. ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த நூல்களில் இதைப் பேசும் பிரிவின் எண் 4.12. அளவீட்டு முறைக்கான சிவப்பு நூலில், அனுபவமுள்ள ஒப்பந்ததாரரும் எதிர்பார்த்திருக்க முடியாத நிலத்தடி நிலைமைக்குக் கூடுதல் காலமும் செலவும் கோரலாம். டர்ன்கீக்கான வெள்ளி நூலில் அதே எண்ணுள்ள பிரிவு அந்தச் சுமை முழுவதையும் ஒப்பந்ததாரர் தலையில் வைக்கிறது. உரிமையாளருக்கு இது லாபம் போலத் தோன்றும். ஆனால் அந்தச் சுமையை ஏற்பவர் ஒன்று விலையை உயர்த்துவார், அல்லது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனம் பிடிப்பார். எனக்கு அச்சம் தந்தது இரண்டாவதுதான்.

எங்கள் பாலத்தில் ஒரு தூணின் பைலுக்கு, அதாவது தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளக் கம்பத்துக்கு, துளையிட்டபோது, அறிக்கை அடர்மணல் என்று சொன்ன ஆழத்தில் சாம்பல் நிறக் களிமண் வந்தது. தளப் பொறியாளர் அதை உள்ளங்கையில் வைத்து நூல் போலத் திரித்துக் காட்டினார். அது அறுபடவே இல்லை. ஆலோசகர் கணக்கைத் திருத்தி பைலை ஆழப்படுத்த எழுத்தில் உத்தரவிட்டார். மீட்டருக்கான விலை, ஒவ்வொரு பணிக்கும் அளவும் விலையும் குறித்த ஒப்பந்த அளவுப்பட்டியலில் ஏற்கெனவே இருந்ததால், கூடுதல் நீளத்தை அளந்து, அளவுப் புத்தகத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டதோடு விவகாரம் முடிந்தது. டர்ன்கீயாக இருந்திருந்தால் அந்தக் கூடுதல் மீட்டர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியவரும், பழைய ஆழமே போதுமா என்று கணக்கிடுபவரும் ஒரே தரப்பாக இருந்திருப்பார்கள்.

உரிமையாளர் தரப்பு வடிவமைத்த வங்கதேசத்தின் பத்மா பாலத்திலும் களிமண் அடுக்குகளால் 22 தூண்களின் பைல்களை மறுபடி வடிவமைக்க நேர்ந்தது; 2018-இல் முடிய வேண்டிய 6.15 கிலோமீட்டர்ப் பாலம் 2022 ஜூனில்தான் திறக்கப்பட்டது. தாமதம் பெரிது, செலவும் ஏறியது. ஆனால் மண்ணின் குறை வெளிப்படையாகப் பேசப்பட்டுத் திருத்தப்பட்டது என்பதே எனக்கு முக்கியம். ஈக்வடாரில் டர்ன்கீ முறையில் கட்டி 2016-இல் இயங்கத் தொடங்கிய 1,500 மெகாவாட் கோக்கா கோடோ சின்க்ளேர் நீர்மின் நிலையத்தில், விசைச்சுழலிகளுக்கு நீரைப் பகிரும் எஃகுக் குழாய்களில் ஆயிரக்கணக்கான விரிசல்கள் காணப்பட்டன. அது மண் சார்ந்த குறையன்று. ஆயினும் உரிமையாளரின் கண் பணித்தளத்தில் எந்த அளவுக்கு இருந்தது என்ற கேள்வியை அதுவும் எழுப்புகிறது.

எந்திரங்கள் மிகுந்த பணிகளில் என் நேரடி அனுபவம் குறைவு. மின் நிலையம், நீர்ச் சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றில் இறுதித் திறனைச் சோதித்தே பெற்றுக்கொள்ளலாம் என்பதால் அங்கே டர்ன்கீ மேலாக இருக்கக்கூடும். அளவீட்டு முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: நேர்மையாக அளந்து, காலத்தோடு முடிவெடுக்கும் பொறியாளர் குழு உரிமையாளரிடம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். கடன் நிபந்தனையால் டர்ன்கீயைத் தவிர்க்கவே முடியாது என்றால், அடித்தளப் பணியை மட்டுமாவது மொத்தத் தொகையிலிருந்து பிரித்து, மீட்டர் கணக்கில் அளந்து தரும்படி கேட்பேன்.