விருந்தாளி வாத்தியாரும் விரல்ரேகை வாத்தியாரும்

தம்பி மகள் வணிகவியலில் நெட் தேறிவிட்டாள், கல்லூரி ஆசிரியராவதற்கான அகில இந்தியத் தகுதித் தேர்வு. நெட் என்பதால் பிழைத்தாள். மாநில அளவிலான தமிழ்நாட்டு செட் மட்டும் வைத்திருந்தால் கர்நாடகத்தில் செல்லாது. இப்போது கையில் இரண்டு வேலை. ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கெஸ்ட் ஃபேக்கல்டி, ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். "எதுக்குப் போகட்டும் பெரியப்பா?" என்று பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்கு வந்து கேட்டாள். இரண்டிலும் குப்பை கொட்டியவன் நான்.

சம்பளத்தில் தனியார்தான், சந்தேகமே இல்லை. கெஸ்ட்டுக்கு மணிக்கணக்குக் கூலி. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019இல் சொன்னது. அது வரம்பு மட்டுமே, கைக்கு வருவது வேறு. செமஸ்டர் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். அதனால் மாதத் தொகையைப் பார்க்காதே, பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பார் என்றேன். கன்னடத்தில் இந்த வேலைக்கு 'அதிதி உபன்யாசகர்' என்று பெயர். விருந்தாளி! நான் இருந்த இடத்தில் ஆகஸ்டில் எடுத்த வகுப்புக்குத் தீபாவளி தாண்டித்தான் பணம் வந்தது. மளிகைக்கடைக்காரரிடம் இந்த விருந்தோம்பலை விளக்க முடியவில்லை.

சரி, தனியாரில் என்ன குறை? நேரம். யூஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் பாடம். நான் 22 எடுத்தேன். அதுகூடப் பரவாயில்லை, பாடம் நடத்தத்தானே போகிறோம். காலை எட்டரைக்கு விரல்ரேகை, அப்புறம் மாணவர்களைப் பற்றிக் குறிப்பெழுதும் மென்டார் ஃபைல், கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் இரவு வரை கோப்பு. ஏப்ரல், மே வந்தால் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் போன். தமிழ் தெரிந்தவன் என்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் எண்களெல்லாம் என் தலையில். கற்பித்தலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். அடுத்த நாள் பட்டியலில் தர்மபுரியும் சேர்ந்தது.

கெஸ்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மணி அடித்தால் ஆள் விடுதலை. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி மாதிரி வளாகம் அமைந்தால், சுமார் 1,100 ஏக்கர், மரமும் நூலகமும் இருக்கின்றன. ஆராய்ச்சி செய்ய நினைப்பவளுக்கு அந்த மத்தியான நேரம்தான் சம்பளம். ஆனால் கெஸ்ட்டாகவே தங்கிவிட்டால், முனைவர் பட்டம் பெற்ற பிறகும் ஒரு பிஎச்.டி. மாணவருக்கு நெறியாளராக முடியாது. யூஜிசியின் 2022 பிஎச்.டி. விதி அதை நிரந்தர ஆசிரியருக்குத்தான் விடுகிறது.

அவளுக்கு ஸ்ரீராம்புரத்தில் சொந்த வீடு, வாடகை இல்லை, இன்னும் பிஎச்.டி.யில் சேரவில்லை. எனவே கெஸ்ட் வேலை, பிஎச்.டி. முடிகிறவரை மட்டும். வாடகையோ கடன் தவணையோ இருந்திருந்தால் யோசிக்காமல் தனியாருக்கு அனுப்பியிருப்பேன்.

தலையாட்டிக்கொண்டாள். எதற்குப் போவாளோ தெரியாது. தனியாருக்குப் போனாலும் பயோடேட்டாவில் தமிழ் தெரியும் என்று மட்டும் எழுதாதே என்று சொல்லி அனுப்பினேன்.