உகப்பாக்கப் பாடம்: தேற்ற வழியா, மென்பொருள் வழியா?

உகப்பாக்கம் (கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு மிகச் சிறந்த விடையைத் தேடும் கணிதம்) என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்களில் இரண்டு பாடங்கள் நடக்கின்றன. கணிதத் துறை நடத்துவது ஒன்று. குவிவுக் கணம், இருமைத் தேற்றம், ஃபார்க்காஸ் துணைத்தேற்றம் என்று வரையறையில் தொடங்கி நிரூபணத்தில் முடியும். செயல்முறை ஆராய்ச்சித் துறையோ பொறியியல் துறையோ நடத்துவது மற்றொன்று. நடைமுறைச் சிக்கல் ஒன்றை மாறிகளாகவும் கட்டுப்பாடுகளாகவும் எழுதி, மென்பொருளிடம் கொடுத்து, வந்த விடையைப் படிக்கப் பழக்கும். கால அட்டவணையில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது, எதை எடுப்பது என்று இளைய மாணவர்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேட்கிறார்கள்.

முதலாவதை முழுமையாகப் படித்துத் தேர்வு எழுதினேன். இரண்டாவதில் பதிவு செய்யாமல் பாதிப் பருவம் வரை உட்கார்ந்து கேட்டேன். அந்த வகுப்பு நண்பர்களின் திட்டப்பணி ஒன்றிலும் கூட இருந்தேன். என் வாக்கு கணிதத் துறைப் பாடத்துக்குத்தான். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றை முதலில் வேகமாகக் கடந்துவிடலாம்.

இரண்டுமே நேரிய திட்டமிடலில்தான், அதாவது இலக்கும் கட்டுப்பாடுகளும் மாறிகளின் முதற்படிக் கோவைகளாக மட்டுமே இருக்கும் கணக்குகளில்தான் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நேரியல் இயற்கணிதம் கையில் இருக்க வேண்டும். தேற்ற வழிப் பாடத்துக்கு மெய்ப்பகுப்பாய்வும் கொஞ்சம் தேவை. மூடிய, வரம்புடைய கணத்தில் தொடர்ச்சியான சார்பு தன் சிறுமத்தை அடையும் என்ற தேற்றம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதை அங்கே யாரும் மறுபடி நிரூபித்துக் காட்ட மாட்டார்கள். மென்பொருள் வழிப் பாடத்துக்குப் பைத்தான் போன்ற ஒரு மொழியில் கை பழகியிருந்தால் போதும். வீட்டுப்பாடச் சுமை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் அரைப்பக்க நிரூபணம் மாலைப்பொழுதை விழுங்கும். மற்றொன்றில் தரவுக் கோப்பைச் சரிசெய்வதே அதை விழுங்கிவிடும். மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது பாடத்தைவிடக் கற்பிப்பவரைத்தான் அதிகம் பொறுத்தது.

சிம்ப்ளெக்ஸ் முறையை இரண்டு வகுப்புகளும் நடத்துகிற விதத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும். கட்டுப்பாடுகள் அடைக்கும் வடிவத்தின் முனையிலிருந்து முனைக்கு நகர்ந்து சிறந்த விடையைத் தேடும் முறை அது; டான்ட்சிக் 1947இல் உருவாக்கினார். மென்பொருள் வகுப்பில் சிறிய அட்டவணை ஒன்றைக் கையால் போட்டுக் காட்டிவிட்டு, இனி இதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். கணித வகுப்பில் அந்த இடத்தில் நின்று, இது எப்போதும் முடிவுக்கு வருமா, எத்தனை படிகளில் வரும் என்று கேட்டார்கள். க்ளீயும் மின்டியும் 1972இல் காட்டிய சிதைந்த கனசதுரம் அங்கேதான் அறிமுகமானது. அந்த வடிவத்தில் அடுத்த முனையைத் தேர டான்ட்சிக் வகுத்த விதிப்படி நகர்ந்தால் ஒரு முனைகூட விடாமல் எல்லா முனைகளையும் சுற்றி வர வேண்டியிருக்கும். மூன்று மாறிகளுக்கு 7 படிகள், இருபது மாறிகளுக்கு 10,48,575 படிகள். நடைமுறைக் கணக்குகளில் இந்த முறை இவ்வளவு தடுமாறுவதில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி தெரிந்தால்தான், மோசமான கணக்கிலும் படிகள் இப்படிப் பெருகாது என்ற உறுதியோடு 1979இல் கச்சியான் தந்த நீள்வட்டக முறையும், 1984இல் கர்மார்க்கர் தந்த உட்புள்ளி முறையும் ஏன் அத்தனை பரபரப்பை உண்டாக்கின என்பது விளங்கும். மென்பொருளில் சிம்ப்ளெக்ஸ், உட்புள்ளி முறை என்று இரண்டு தெரிவுகள் ஏன் இருக்கின்றன என்பதும் அப்போதுதான் புரியும்.

இனி அந்த ஒரே காரணம். கையில் ஒரு விடை இருக்கிறது. இதைவிடச் சிறந்தது இல்லை என்று எதை வைத்துச் சொல்வது? உகப்பாக்கத்தின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பொருளியலாளர் ஸ்டிக்ளர் 1945இல் வெளியிட்ட உணவுக் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 77 உணவுப் பொருள்கள், 9 ஊட்டச்சத்துகள். தேவையான சத்து அனைத்தும் கிடைக்க வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். சிம்ப்ளெக்ஸ் முறை இல்லாத காலத்தில் அவர் பொருள்களைச் சாமர்த்தியமாகச் சலித்துக் கழித்து, 1939ஆம் ஆண்டு விலைகளின்படி ஆண்டுக்கு 39.93 டாலர் என்ற விடைக்கு வந்தார். 1947இல் இதே கணக்கைச் சிம்ப்ளெக்ஸ் முறையில் போட்டுப் பார்த்தார்கள். கைக் கணிப்பான்களோடு ஒன்பது எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 120 ஆள்நாள் உழைப்பு பிடித்தது. வந்த விடை 39.69 டாலர். வேறுபாடு வெறும் 24 சென்ட். ஸ்டிக்ளரின் கைத்திறனை வியக்கத்தான் வேண்டும். ஆனால் இலக்குக்கு அவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதைக் காட்ட அவரிடம் வழி ஏதும் இருக்கவில்லை. அந்த வழியைத் தருவது இருமை.

சிறிய கணக்கில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அ, ஆ என்று குறையெண் ஆகாத இரண்டு மாறிகள். அ + ஆ நான்கைத் தாண்டக் கூடாது. அ + 3ஆ ஒன்பதைத் தாண்டக் கூடாது. அ மூன்றைத் தாண்டக் கூடாது. 3அ + 2ஆ என்பதை முடிந்தவரை பெரிதாக்க வேண்டும். அ = 3, ஆ = 1 என்று எடுத்தால் 11 கிடைக்கிறது. பன்னிரண்டு ஏன் கிடைக்காது? முதல் கட்டுப்பாட்டை இரண்டால் பெருக்குங்கள்: 2அ + 2ஆ எட்டைத் தாண்டாது. மூன்றாவதை அதோடு கூட்டுங்கள்: 3அ + 2ஆ பதினொன்றைத் தாண்டாது. வேலை முடிந்தது. எந்த மென்பொருளையும் நம்ப வேண்டியதில்லை. கூட்டல் தெரிந்த யாரும் இதைச் சரிபார்க்கலாம். இரண்டு, சுழியம், ஒன்று என்ற அந்தப் பெருக்கிகள்தாம் இருமைக் கணக்கின் விடை. நேரிய கணக்குக்கு உகந்த தீர்வு இருந்தால் இப்படிப்பட்ட பெருக்கிகள் கட்டாயம் இருக்கும் என்கிறது வலிய இருமைத் தேற்றம்.

அந்தப் பெருக்கிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் கட்டுப்பாட்டின் வரம்பை நான்கிலிருந்து ஐந்தாகத் தளர்த்தினால் விடை 11இலிருந்து 13 ஆகும். பெருக்கி இரண்டு என்பது சொல்வது அதைத்தான். இரண்டாவது கட்டுப்பாட்டின் பெருக்கி சுழியம். அதைத் தளர்த்திப் பயன் இல்லை. மென்பொருள் வகுப்பிலும் இந்த எண்களை நிழல் விலை என்ற பெயரில் வெளியீட்டின் ஒரு பத்தியில் காட்டினார்கள். எப்படிப் படிப்பது என்றும் சொன்னார்கள். எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லுபடியாகும் என்பதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

விடையே இல்லாதபோது இந்தக் காரணம் இன்னும் கனக்கிறது. நண்பர்களின் திட்டப்பணி, நூலகப் பணியாளர்களுக்கு வேலை நேரம் பிரிக்கும் கணக்கு. எழுதி முடித்து ஓட்டியதும் ஏற்புடைய தீர்வு இல்லை என்று ஒற்றை வரி வந்தது. ஒவ்வொரு கட்டுப்பாடாகத் தளர்த்திப் பார்த்தார்கள். வார இறுதிக்குத் தேவையான ஆள் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், இடைவேளை விதியை நீக்கினார்கள், திரும்பச் சேர்த்தார்கள். நள்ளிரவுக்கு மேல் ஏதோ ஒரு சேர்க்கையில் அட்டவணை கிடைத்தது. எந்த விதிகள் ஒன்றோடொன்று மோதின என்பதை அறிக்கையில் எழுத முடியவில்லை.

அந்த மோதலைக் கண்டுபிடிக்கும் கருவிதான் 1902இல் ஃபார்க்காஸ் வெளியிட்ட துணைத்தேற்றம். அ + 2ஆ நான்கைத் தாண்டக் கூடாது. 2அ + ஆ நான்கைத் தாண்டக் கூடாது. அ + ஆ மூன்றுக்குக் குறையக் கூடாது. இவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒத்துப்போகும். மூன்றும் சேர்ந்தால் ஒத்துப்போகாது. முதல் இரண்டையும் கூட்டினால் 3அ + 3ஆ எட்டைத் தாண்டாது. அப்படியானால் அ + ஆ மூன்றை எட்டவே முடியாது. நேரிய கட்டுப்பாடுகளுக்குத் தீர்வு இல்லையென்றால், இப்படிப் பெருக்கிக் கூட்டிக் காட்டக்கூடிய முரண்பாடு ஒன்று கண்டிப்பாக இருக்கும் என்பதே அந்தத் துணைத்தேற்றத்தின் சாரம். முரண்படும் கட்டுப்பாடுகளைத் தனியே பிரித்துக் காட்டும் வசதி குரோபி, சிப்ளெக்ஸ் போன்ற மென்பொருள்களிலும் இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தே தீரும் என்று அறிந்தவருக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றும்.

நேரியல் அல்லாத பகுதியிலும் இதே கதைதான். கருஷ் 1939இல் தன் முதுகலை ஆய்வேட்டிலும், கூனும் டக்கரும் 1951இலும் உகந்த புள்ளிக்குத் தந்த நிபந்தனைகள் முதலில் படிக்கும்போது குறியீட்டுக் காடாகத் தெரியும். இருமையை முன்பே கற்றவருக்கு அவை பழைய பெருக்கிகளின் நீட்சியாகவே தோன்றும். சார்பும் கட்டுப்பாடுகளும் குவிவானவை, அதாவது கிண்ணம்போல் ஒரே பக்கம் வளைந்தவை என்றால், அந்த நிபந்தனைகள் நிறைவேறும் புள்ளிதான் ஒட்டுமொத்தச் சிறுமம். குவிவு இல்லையென்றால் அந்த உறுதி கிடையாது. மென்பொருள் இரண்டு வேளையிலும் ஒரே மாதிரிதான் ஓர் எண்ணை நீட்டும்.

சார்பு மிக வேகமாகக் குறையும் திசையில் படிப்படியாக இறங்கும் கிரேடியன்ட் டிசென்ட் என்ற சரிவு முறையை நடத்திய விதத்தை மட்டும் இரு வகுப்புக்கும் பொதுவாகப் பாராட்டுவேன். அ-வின் வர்க்கத்தோடு ஆ-வின் வர்க்கத்தை நூறு மடங்காக்கிக் கூட்டி, அதில் பாதியைச் சார்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அ = 100, ஆ = 1 என்ற புள்ளியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் அந்தத் திசையில் மிகச் சரியான தூரம் நகர்ந்தாலும், சார்பின் மதிப்பு ஒரு படிக்கு நான்கு விழுக்காடுதான் குறைகிறது. நூறு படிகளுக்குப் பிறகும் அ பதின்மூன்றுக்கு மேல் நிற்கிறது. மென்பொருள் வகுப்பில் இந்த வளைந்து நெளியும் பாதையைத் திரையில் வரைந்து காட்டினார்கள்; கண்ணை விட்டு அகலாத படம் அது. கணித வகுப்பில் 99ஐ 101ஆல் வகுத்து வர்க்கமாக்கிய எண்தான் அந்த வேகம் என்று வருவித்தார்கள். இரண்டில் எது முந்தி வந்தாலும் மற்றொன்றுக்கு ஏங்க வைக்கும்.

மென்பொருள் வழிப் பாடத்தின் உண்மையான பலம் கணக்கை வடிவமைப்பதில் இருக்கிறது. சொற்களில் குழப்பமாக வரும் தேவையை மாறிகளாக மாற்றுவது தனித் திறமை. இந்தக் கிடங்கைத் திறந்தால் மட்டுமே இங்கிருந்து சரக்கு அனுப்பலாம் என்ற நிபந்தனையைச் சுழியம், ஒன்று என்ற மதிப்பு மட்டும் எடுக்கும் மாறியால் எழுதுவது, தனிமதிப்பை இரண்டு நேரிய அசமன்பாடுகளாக உடைப்பது போன்ற நுட்பங்களைக் கணித வகுப்பில் நான் ஏறக்குறைய பார்க்கவே இல்லை. அங்கே கணக்கு எப்போதும் அணி வடிவில் தயாராகவே வந்து சேரும். இது குறைதான். தேற்றங்களைத் தெரிந்துகொண்டு, வெறும் பத்தியாகத் தரப்பட்ட சிக்கலின் முன் திகைத்து நிற்கும் கணித மாணவர்கள் இருக்கிறார்கள்.

முழுஎண் கணக்குகளைப் பற்றி நான் அடக்கியே பேச வேண்டும். எங்கள் பாடத்தில் அது கடைசி வாரங்களில் அவசரமாக வந்து போனது. மற்ற வகுப்பில் அதை விரிவாக எடுத்த பகுதிக்கு நான் போகவில்லை. கணக்கைச் சிறு கிளைகளாகப் பிரித்துத் தேடும் கிளைத்து வரம்பிடும் முறையில் மென்பொருள் அடிக்கடி அச்சிடும் இடைவெளி விழுக்காடு, கையில் இருக்கும் விடைக்கும் நிரூபிக்கப்பட்ட வரம்புக்கும் உள்ள தூரம் என்ற அளவுக்கு அறிவேன். அதுவும் சான்றுதான் என்பதால் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். பெரிய கணக்குகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். வேலைவாய்ப்புக்கு எது உதவும் என்பதிலும் என் அனுபவம் குறைவு. மென்பொருள் திட்டப்பணி ஒன்றைக் காட்ட முடிவது நேர்காணலில் கைகொடுத்தது என்று அந்த வகுப்பு நண்பர்கள் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை.

வடிவமைக்கும் திறமையைப் பிறகு தனியாக வளர்த்துக்கொள்ள முடிந்தது என்பது அந்தக் காரணத்துக்குத் துணை நிற்கிறது. பைத்தானில் சைபை, சிவிஎக்ஸ்பை போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. விடுமுறையில் சிறு சிறு கணக்குகளை எழுதிப் பார்த்தபோது இருமைப் பெருக்கிகள் வெளியீட்டில் தாமாகவே கண்ணில் பட்டன. ஃபார்க்காஸ் துணைத்தேற்றத்தின் நிரூபணத்தை அப்படி விடுமுறையில் தனியாக உட்கார்ந்து படித்திருப்பேனா என்றால் சந்தேகம்தான். பிரிக்கும் தளம் பற்றிய வாதம் எனக்கு விளங்க, பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கூம்பையும் அதற்கு வெளியே ஒரு புள்ளியையும் பலமுறை வரைய வேண்டியிருந்தது.

பதிவு செய்வதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் கணிதத் துறையின் பாடத்திட்டத்தை வாங்கி, இருமை எந்த வாரத்தில் வருகிறது என்று பாருங்கள். பருவத்தின் முதல் பாதியிலேயே வந்து, பிறகு வரும் தலைப்புகளிலெல்லாம் தொடர்ந்தால் தயங்காமல் எடுங்கள். பெரும்பகுதி நேரம் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையைக் கையால் நிரப்புவதில் கழிந்து, இருமை கடைசி வகுப்புகளுக்குத் தள்ளப்பட்டிருந்தால் நான் சொன்ன காரணம் அங்கே பொருந்தாது. அப்போது மென்பொருள் வழிப் பாடத்துக்கே போங்கள்.